பொருத்தம் பார்க்கும் மென்பொருளைப் பிரித்துப் பார்த்த கதை

மயிலாப்பூரில் மென்பொருளையும் முகூர்த்தத்தையும் ஒரே கடையில் விற்றுவரும் மதிப்பிற்குரிய மச்சான் தணிகாசலம் அவர்களுக்கு, தி.நகர் மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மருமகள் ஷண்முகப்ரியாவைத் தவிர இங்கு அனைவரும் நலம்.

ப்ரியாவுக்கும் அவள் விரும்பும் அஸ்வினுக்கும் வீட்டில் நானே விவரம் போட்டுப் பார்த்தபோது, நீங்கள் எழுதிய ஜாதக மென்பொருள் 'பொருந்தாது' என்றது. உங்களைக் கேட்டால், "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மாப்பிள்ளை" என்று போனை வைத்துவிட்டீர்கள். அஸ்வினின் அப்பா முத்துகிருஷ்ணனோ உங்கள் மென்பொருளைத் தவிர எதையும் நம்பாத மகான். அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. பெண் அழுகிறாள், ஓய்வு பெற்ற அப்பன் சும்மா இருக்க முடியுமா? மென்பொருளைப் பிரித்து உள்ளே இருக்கும் கட்டளைகளை வரிவரியாகக் காட்டும் டிஸ்அசெம்பிளர் என்ற கருவியைக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தேன். திரையில் தெரிந்தது உங்கள் கையெழுத்தைவிட மோசம். ஒரு மாதம் முட்டி மோதிப் படித்த பகுதி, முகப்பில் பிள்ளையார் படம் வரைகிற பகுதியாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தவர்கள் உண்டு. பொருத்தம் பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்தது எனக்கு மட்டும்தான். கடைசியில் அந்த இடம் சிக்கியது. மதிப்பெண் போதுமானால் இந்தப் பக்கம் தாவு, போதாவிட்டால் அந்தப் பக்கம் தாவு. உங்கள் இருபது வருட ஜோதிட ஞானம் அந்த ஒரு வரிதான். "சார், நகல் எடுத்து வெச்சிக்கினு கை வைங்க" என்றார் பாடம் நடத்தும் ஹஸன். நகல் எதற்கு என்று, இருந்த ஒரே பிரதியிலேயே தாவலைத் திருப்பிப் போட்டேன். 'பொருந்தும்' என்று வந்துவிட்டது. அந்தப் பிரதியை அப்படியே முத்துகிருஷ்ணனுக்கும் கொடுத்து, நீங்களே போட்டுப் பாருங்கள் என்றேன். சும்மா எங்கள் ஜாதகத்தையும் போட்டேன், 'பொருந்தாது' என்றது. உங்கள் தங்கை முத்துலட்சுமி எட்டிப் பார்த்து, "முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் உண்மையச் சொல்லுது" என்றாள்.

கல்யாணத்துக்கு அவசியம் வரவும். உங்கள் வீட்டு ஜானகி அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் தொழில் மேன்மேலும் தழைக்க மருந்தீஸ்வரரை வேண்டும்,
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது முத்துகிருஷ்ணன் போன் செய்தார். "என்ன சார், பொருந்தாதுன்னு வருது?" ப்ரியா பிறந்தது மாலை ஆறு இருபது, அவர் சரியாகப் போட்டிருக்கிறார். நான்தான் ஆரம்பத்திலிருந்தே காலை என்று போட்டு வந்திருக்கிறேன். நான் திருப்பிய பிரதி 'பொருந்தாது' என்றால், உங்கள் அசல் 'பொருந்தும்' என்றுதானே சொல்லும்? உங்கள் மென்பொருள்மீது ஒரு குற்றமும் இல்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் ப்ரியாவையே அனுப்புகிறேன். அசல் பிரதியை அவளிடம் கொடுத்து, நீங்களும் கூடவே சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். நானே வரலாம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?