சோமசேகரனின் கோணல் கண்ணாடி

காரைக்காலில் ஆபீஸ் முடிந்து சுரக்குடி வந்து சேரும் சோமசேகரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. சாயங்காலத்தில் ஒரு மணி நேரம், யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம். கீழே இருந்தால் அது நடக்காது. மகள் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவாள். கிரைண்டர் அவரையே முறைத்துப் பார்க்கும். மனைவி மங்கையர்க்கரசி தேங்காயையும் துருவியையும் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

அந்த நேரம் பார்த்து, கூட வேலை பார்த்த சார்ல் தன் மகளோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பினார். தூக்கிப்போக முடியாத சாமான்களில் ஆளுயரத் தொலைநோக்கி ஒன்றும் இருந்தது. அதை சோமசேகரன் தலையில் கட்டினார். மொட்டை மாடிக்கு ஏற்றிச் சனி கிரகத்தைப் பார்த்தால், அது மூக்கு ஒழுகும் குழந்தை மாதிரி ஒரு பக்கம் வால் இழுத்துக்கொண்டு நின்றது.

வண்டியில் வந்த குலுக்கலில், குழாயின் அடியிலிருக்கும் பெரிய கண்ணாடி சாய்ந்துவிட்டதாம். அதன் முதுகில் மூன்று திருகாணி. அவற்றைத் திருகி, கண்ணாடி நடுவிலுள்ள புள்ளியை, பார்க்கிற துளைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். துளை தலைமாட்டில் ஒரு பக்கமாக, திருகாணி கால்மாட்டில். கை எட்டாது. ஆகவே அவர் மேலே ஒற்றைக் கண்ணோடு நிற்க, மங்கையர்க்கரசி கீழே குந்தித் திருகினாள்.

"புள்ளி வலப்பக்கம் வரணும்."

"திருப்பிட்டேன்."

"இடப்பக்கமில்ல போவுது?"

"கண்ணாடிங்க அது, அப்படித்தான் போவும். இனிமே எல்லாத்தையும் மாத்தியே சொல்லுங்க."

சோறு கொதிக்கிற நேரத்தில் புள்ளி நடுவில் வந்து உட்கார்ந்தது. சோமசேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி சரியாகிவிட்டால் மாடியில் அவருக்கு என்ன வேலை?

அன்றிலிருந்து, இறங்கும்போது ஒரு திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வருவார். மறுநாள் காபி குடித்ததும் மறுபடி கோணிவிட்டது என்று பெருமூச்சு விடுவார். தனியாளாகக் குனிந்து திருகி, நிமிர்ந்து பார்த்து, மறுபடி குனிந்து செய்வதால் நேரமாகும், தேட வேண்டாம் என்பார். மேலே போய்ப் பாயை விரித்தால் கடல் காற்று வரும். கண் தானாக மூடிக்கொள்ளும்.

மங்கையர்க்கரசி ஒன்றுமே கேட்கவில்லை. அவள் ஒன்றுமே கேட்காததற்கு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படக்கூடத் தெம்பில்லை.

அந்தச் சனிக்கிழமை பாயோடு மாடியேறினால், படிக்கட்டிலேயே செருப்புக் குவியல். மேலே தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டு ரிஃபானா துளையில் கண் வைத்திருந்தாள். சனியை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்கிற ஊர் அது. இந்தக் குழாயிலோ பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க முடியும். அதனால் யாருக்கும் பயமில்லை.

சோமசேகரனும் குனிந்து பார்த்தார். சின்ன மஞ்சள் மணி, குறுக்கே ஊசி மாதிரி வளையம். வாலைக் காணோம். அழகாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

மங்கையர்க்கரசி அவரை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"திருகாணி மேலயும் பக்கத்துத் தகட்டுலயும் சேத்து நகப்பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வச்சேன். கண்ணாடி தானா கோணுனா மூணும் திரும்பியிருக்கணும்ல? தினம் ஒண்ணுதாங்க திரும்பியிருக்கு. மத்தியானம் ரிஃபானா பாக்க, நான் திருகி, மூணையும் அசையவிடாமப் பிடிக்கிற பூட்டுத் திருகாணியையும் இறுக்கிட்டேன். ஸ்பேனர் என்கிட்ட இருக்கு."

அவர் பாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தான் தினம் மேலே வந்து தொலைநோக்கிக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார்.

"தனியா எதுக்குங்க? நாளைக்குப் போலகத்துலேருந்து எங்கம்மா வர்றாங்க. நவக்கிரகம் ஒம்பதையும் உங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் போவாங்களாம்."

"ராகுவும் கேதுவும் இதுல தெரியாதே மங்கை."

"ஆமாங்க. தெரியிற வரைக்கும் இரும்மான்னு சொல்லிட்டேன்."