முப்பத்தோராவது கணக்கு

ஒன்பது வயதுத் தங்கைக்குக் கணக்கில் ஐந்தாம் நிலை. பன்னிரண்டு வயது அண்ணனுக்கு நாலாம் நிலை. லோர்னா இரண்டு விடைத்தாள்களையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். பெயர்கள் மாறுவதாக இல்லை.

“ஹாட்டி, உண்மையைச் சொல்லு. அண்ணன் தாளைப் பார்த்து எழுதினியா?”

“அவனைப் பார்த்து எழுதியிருந்தா நானும் நாலுலதாம்மா நின்னிருப்பேன்.”

வீட்டிலேயே பள்ளி நடத்துகிறவர்களுக்கு வரலாறும் அறிவியலும் தொல்லை தருவதில்லை. எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே கதையை உரக்க வாசித்தால் போதும். பெரியவன் ஏசா அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவான், ஹாட்டி படம் வரைவாள், ஆறு வயது பூன் ரோமானியச் சிப்பாயாகி நாயைத் துரத்துவான். மூன்று பேருக்கும் ஒரே பாடம். கணக்கு அப்படியில்லை. அது மாடிப்படி, அவரவர் காலால்தான் ஏற வேண்டும். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் புத்தகக் கம்பெனி நிலைத்தேர்வு என்று ஒன்றை அனுப்புகிறது. அதைச் செய்தவர் யாரோ, கெட்டிக்காரர். சுலபமான கணக்கில் தொடங்கிப் பிள்ளை ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று தப்பானால் பென்சிலை வாங்கிவிட வேண்டும். எந்த நிலையில் நின்றதோ அதுதான் அந்த வருஷத்துப் புத்தகம். வயதை அது கேட்பதே இல்லை.

ஏசா நின்றது முப்பத்தோராவது கணக்கில். போன ஜூலையிலும் அங்கேதான் நின்றான். அதற்கு முந்தைய ஜூலையிலும் அங்கேதான்.

லோர்னாவின் கணவன் வெண்டல் மின்கம்பம் ஏறுகிறவன். அதிகம் பேசமாட்டான். காலையில் வண்டி ஏறும்போது இவ்வளவுதான் சொன்னான்: “இந்த வருஷமும் நாலுதான்னா, ஆகஸ்ட்ல அவன் மஞ்சள் ஸ்கூல் பஸ்ல ஏறட்டும் லோர்னா. உன்மேல குத்தம் சொல்லலை. ஆனா பையன் நகரணும்ல?”

ஏழு வருஷமாகத் தன் மேசையில் உட்கார்ந்தவன் இனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவரின் மேசையில் உட்காரப்போகிறான். லோர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த வட்டாரத்து வீட்டுப்பள்ளித் தாய்மார்கள் சேர்ந்து அனுப்பும் புத்தகப் பட்டியல் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். இப்போது மணி பதினொன்று.

பசியில் எழுதியிருப்பான் என்று தோன்றியது. பான்கேக் சுட்டு, சிரப்பைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்து, ஏசாவுக்கு மறுபடி தேர்வு வைத்தாள். அவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஹாட்டியையும் உட்காரவைத்தாள்.

ஏசா முப்பத்தொன்றில் நின்றான். ஹாட்டி ஆறாம் நிலைக்குப் போய்விட்டாள்.

“பான்கேக் நல்லா இருந்ததும்மா,” என்றாள் ஹாட்டி.

லோர்னா தோழி வெர்லாவைப் போனில் பிடித்தாள். வெர்லாவுக்கு எட்டுப் பிள்ளைகள், எதற்கும் அசராதவள்.

“இதுக்குப் போயா கலங்குற? புத்தகம் வந்ததும் ரெண்டுக்கும் பழுப்பு அட்டை போட்டுடு. நம்பரே தெரியக்கூடாது. ரெண்டு பேரும் ஒரே நிலைன்னு சொல்லிடு. எங்க வீட்ல யார் எந்த நிலைன்னு எனக்கே தெரியாது.”

சமையலறையில் போனில் பேசினால் அந்த வீட்டில் அது எல்லாருக்கும் பொது. லோர்னா போனை வைப்பதற்குள் ஹாட்டி வந்து நின்றாள்.

“அட்டையெல்லாம் எதுக்கும்மா? எப்பவும் ஏசா எழுதின பழைய புத்தகத்தை அழிச்சுத்தானே எனக்குக் குடுப்பே? இனிமே நான் எழுதினதை அழிச்சு அவனுக்குக் குடுத்திடலாம். நான் அழுத்தாமத்தான் எழுதுறேன். அழிக்கச் சுலபம்.”

பெரிய மனசோடுதான் சொன்னாள். ஏசா கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனான்.

லோர்னாவுக்கு ரோஷம் வந்தது. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கணக்கைச் சேர்ந்தே போடுவது என்று முடிவெடுத்து, அவன் திரும்புவதற்குள் முதலில் தானே போட்டுப் பார்த்தாள். முக்காலை அரைக்காலால், அதாவது எட்டில் ஒன்றால், வகுக்க வேண்டும். முதல் தடவை முப்பத்திரண்டில் மூன்று என்று வந்தது. எதையோ தலைகீழாக்க வேண்டும் என்பது நினைவு வர, தலைகீழாக்கினாள். ஆறில் ஒன்று என்று வந்தது. விடைப்புத்தகமோ ஆறு என்றது. மூன்றாவது தடவை தாளில் ஓட்டை விழும்வரை அழித்தாள்.

எப்போது வந்தானோ, ஏசா அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

“இன்னைக்கு இது போதும்மா,” என்றான் மெல்ல. “களைச்சுப் போயிருக்கே. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

யார் யாரிடம் சொல்ல வேண்டியதை யார் சொல்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் குழம்பியது. ஆனால் மணி இரண்டரை. புத்தகக் கம்பெனியின் ஆலோசகரைப் போனில் கூப்பிட்டாள்.

“மேடம், ஒண்ணு பண்ணுங்க,” என்றாள் அந்தப் பெண். “அந்தக் கணக்கை அவனையே யாருக்காவது சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க. வாயால சொல்லும்போதுதான் எங்க இடறுறான்னு தெரியும்.”

“யாருக்குச் சொல்ல? தங்கச்சி அவனைத் தாண்டிட்டா.”

“அவளுக்கும் சின்னவங்க யாரும் இல்லையா?”

லோர்னா சின்னவன் பூனின் கையைப் பிடித்து மேசையருகே இழுத்து வந்தாள். ஏசா பின்வாங்கினான்.

“நான் வேணாம்மா. ஹாட்டி சொல்லட்டும்.”

“நீதான் சொல்றே.”

ஏசா தம்பியைப் பார்த்தான். தம்பி அவனைப் பார்த்தான். பிறகு ஏசா பெருமூச்சு விட்டு மாவு டப்பாவைத் திறந்தான். கால் கப்பால் மூன்று தடவை மாவை அளந்து கிண்ணத்தில் கொட்டினான்.

“இது முக்கால் கப். இந்தக் காப்பிக் கரண்டி இருக்குல்ல, இதால எட்டுத் தடவை போட்டா ஒரு கப் நிறையும். இப்போ கிண்ணத்துல எத்தனை கரண்டி மாவு இருக்கு? எண்ணாம சொல்லுடா பார்ப்போம்.”

பூன் நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்தான். “கால் கப்புக்கு ரெண்டு கரண்டி. மூணு கால்... ஆறு!”

“வகுக்கிறதுன்னா இவ்வளவுதான். அதுக்குள்ள இது எத்தனை இருக்குன்னு கேக்குறோம்.”

லோர்னா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். பூனுக்குப் புரிந்துவிட்டது. அதைவிட விசித்திரம், அவளுக்கே பாதி புரிந்தது. இப்படிச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன் எழுதும்போது மட்டும் ஏன் இடறுகிறான்?

ஓடிப்போய்ப் பழைய கோப்பை எடுத்தாள். மூன்று வருஷத்து விடைத்தாள்களையும் வரிசையாகப் பரப்பினாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. சரியான விடைகள் ஆறு, நாலு, பத்து. இந்த வருஷம் அவன் எழுதியது ஏழு, ஐந்து, பதினொன்று. போன வருஷம் ஐந்து, மூன்று, ஒன்பது. அதற்கு முந்தைய வருஷம் மறுபடி ஏழு, ஐந்து, பதினொன்று. தெரியாதவன் எழுதினால் தப்பு நாலாபக்கமும் சிதறும். இவன் தப்பெல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

“ஏசா, இது என்ன?”

“கவனக்குறைவும்மா,” என்றான் காதெல்லாம் சிவந்து. கோழிகளுக்கு இன்னொரு தடவை தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெண்டல் வந்தான். மேசையெங்கும் மாவு, தாள்கள், நடுவில் தலையைப் பிடித்தபடி மனைவி.

“நாலா?” என்றான்.

“நாலுதான்.”

அவன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். “அப்போ பஸ்தான் லோர்னா.”

“அவனுக்குத் தெரியுது வெண்டல். என் கண்ணாலே பார்த்தேன். ஆனா எழுத மாட்டேங்குறான். மூணு வருஷமா ஒரே படியில நின்னுட்டிருக்கான். ஏன்னுதான் புரியலை.”

மேசைக்கடியில் விரலில் ஒட்டிய மாவை நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்த பூன் தலையை வெளியே நீட்டினான்.

“நாலாம் நிலையில நிக்கிறது நீதாம்மா. ஏசா உனக்குத் துணைக்கு நிக்கிறான்.”