ஒரு திருகாணியும் வெளியே வராத பண்டகசாலை

முகில்நாட்டு அரசவையில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: மன்னர் மேகவர்ணர், பண்டகசாலை அமைச்சர் நற்குணநம்பி, முத்திரை அதிகாரி தணிகாசலம், விசிறி வீசிய இருவர், காலில் சேறு காயாத கீழ்க்கரைத் தெருவார் நாற்பது பேர், அவர்களுக்கு முன்னால், கொல்லர் குடும்பத்துத் தலைவி இரும்புத்தெரு கனகாம்புஜம். வேறு யாரும் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் பொய்யர்கள்.

அவளுக்கு ஆசனம் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. குடும்பத்தின் மேல் விழுந்த பழியைத் துடைக்க வந்தவள் உட்கார்ந்துகொண்டு பேச மாட்டாள்.

பழி இதுதான். ஏரி மதகின் கதவு பிய்த்துக்கொண்டு போய், வெள்ளத்தில் கீழ்க்கரையில் பதினொரு வீடுகளும் மூன்று உயிர்களும் போயின. மறுநாளே அரசு முரசறைந்தது: "இரும்புத்தெருக் குடும்பம் செய்த திருகாணி சொத்தை." ஆறு தலைமுறையாக அந்த வீட்டுத் திருகாணி ஒன்று முறிந்ததாக எவனும் சொன்னதில்லை. அன்றும் முறியவில்லை. அந்தக் கதவில் திருகாணியே இல்லை. கயிற்றால் கட்டியிருந்தது.

கயிறு ஏன் வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முன்பெல்லாம் முகில்நாட்டில் பட்டறைகள் தரையில் இருந்தன. ஆணி, கீல், பற்சக்கரம் எல்லாம் பொதுச்சந்தையில் கிடைத்தன. ஒருமுறை சந்தையில் வாங்கிய கீலுக்குள் எவனோ நஞ்சை வைத்திருந்தான். பத்துப் பேர் செத்தார்கள். மன்னருக்குக் கவலை வந்தது. அந்தக் கவலை நியாயமானது. அதிலிருந்து பிறந்த ஆணைகளில் ஒன்றுகூட நியாயமானதில்லை.

இனிப் பட்டறைகள் தரையில் இருக்கலாகாது என்றது முதல் ஆணை. காலையில் ஒவ்வொருவருக்கும் அரசே ஒரு மேகம் தரும். உலையும் சம்மட்டியும் அதில் தயாராக இருக்கும். மாலையில் மேகம் கரைக்கப்படும். அழுக்குச் சேராதல்லவா! அடுத்த ஆணை, உதிரிபாகங்கள் அனைத்தும் அரசின் தனிப் பண்டகசாலையில்தான் இருக்க வேண்டும் என்றது. வீட்டில் செய்ததையும் அங்கே ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்தே கேட்டு வாங்க வேண்டும். கனகாம்புஜம் நான்கு வண்டி திருகாணிகளை ஒப்படைத்தாள். கேட்டு வாங்குவதற்கு, அவரவர் மேகத்தின் சுவரில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். முத்திரை தயாராக இரண்டு நாள் ஆகும். மேகத்துக்கு ஆயுள் ஒரு பகல்.

மதகுக்கு நான்கு திருகாணிகள் வேண்டியிருந்தன. அவள் தணிகாசலத்தின் சாளரத்துக்குப் போனாள்.

"ஐயா, முந்தாநாள் மேகத்துக்கு இன்னைக்கு முத்திரை தர்றீங்க. அந்த மேகம் எங்கே? கரைச்சாச்சே!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? இன்னைக்கு மேகத்துக்கு மனு போடுங்க. நாளன்னைக்கு வாங்க."

"நாளன்னைக்கு இந்த மேகமும் இருக்காதே."

"முத்திரை இருக்கும். அரசாங்கம் வாக்குத் தவறாது."

பத்தொன்பது நாள் நடந்தாள். முத்திரையை உள்ளங்கையில் வரைந்து அடுத்த மேகத்துக்கு எடுத்துப்போன வீராசாமி என்ற கொல்லனின் கையை மூன்று மாதம் கட்டிப்போட்டார்கள். பிறகு பாதுகாப்புக்காக, மேகங்களிலிருந்து தரையிலுள்ள பண்டகசாலைக்கு இறங்கும் ஏணிகளையும் எடுத்துவிட்டார்கள். ஏணி வேண்டுவோர் பண்டகசாலைக்குள் வந்து மனுக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இருபதாம் நாள் மழை பிடித்தது. கயிறு தாங்காது என்று அமைச்சருக்கு எழுதிவிட்டுத்தான் அவள் கயிறு கட்டினாள். அவளுடைய நாட்டுப்பற்றைப் பாராட்டி அமைச்சர் பதில் எழுதியிருந்தார்.

அந்த அமைச்சர்தான் இப்போது அவையில் எழுந்தார். "மாமன்னரே, நமது பண்டகசாலை உலகிலேயே பாதுகாப்பானது. இன்றுவரை ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றாள் கனகாம்புஜம்.

பின்னாலிருந்து யாரோ, "போட்டா பாரு ஒரு போடு!" என்றார்கள்.

அவள் மன்னரைப் பார்த்தாள். "எங்க வீட்டுத் திருகாணி சொத்தைன்னு ஊரெல்லாம் முரசு அடிச்சீங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வாங்க. நானே சம்மட்டியால அடிக்கிறேன். முறிஞ்சா எங்க குடும்பப் பேரை இங்கேயே விட்டுட்டுப் போயிடறேன்."

"கொண்டு வாரும்," என்றார் மன்னர்.

தணிகாசலம் கைகட்டி நின்றார். "மன்னர் எந்த மேகத்திலிருந்து கேட்கிறார் என்று தெரிந்தால்..."

"நான் மன்னன்!"

"தெரியும் பிரபு. ஆனால் தங்கள் பெயரில் மேகம் இல்லை. மனு ஒன்று..."

மன்னருக்கு முகம் கறுத்தது. சட்டம் தன் மேலேயே பாய்ந்தபோதுதான் அது பல்லுள்ளது என்று அவருக்குத் தெரிந்தது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு பண்டகசாலைக்குப் போய்க் கதவை உடைக்கச் சொன்னார். உடைத்தார்கள்.

உள்ளே அலமாரிகள் காலியாகக் கிடந்தன. பின்பக்கம் சுவரே இல்லை. பொதுச்சந்தையை நோக்கித் திறந்தவெளி, மண்ணில் வண்டித்தடம். வெளிநாட்டு வியாபாரி ஒருவன் இரும்புத்தெரு அடையாளமிட்ட கடைசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இவனிடம் முத்திரை கேட்டாயா?" என்றார் மன்னர் அங்கே நின்ற காவலாளியிடம்.

"காசு குடுத்து வாங்கறவங்ககிட்ட எதுக்குங்க முத்திரை? அதெல்லாம் நம்ம ஜனங்களுக்குத்தானே. இவரு அமைச்சர் ஐயாவுக்கு வேண்டியவரு."

நற்குணநம்பி மேலே மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகாம்புஜம் மூட்டையைப் பிரித்தாள். ஒரு திருகாணியை வாசற்படிக் கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியை இறக்கினாள். கல் தெறித்தது. திருகாணியில் கீறல்கூட இல்லை. நாற்பது பேரும் பார்த்தார்கள், மன்னரும் பார்த்தார்.

"முரசை எப்போங்க திருப்பி அடிப்பீங்க?"

"ஆராயப்படும்," என்றார் மன்னர்.

அவள் மூட்டையின் பக்கம் திரும்பினாள். நான்கு திருகாணிகளை முந்தானையில் முடிந்தாள். வியாபாரிகள் போன வழியாகவே, ஒரு முத்திரையும் இல்லாமல் நடந்தாள். நாற்பது பேரும் அவள் பின்னால் போனார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் மதகுக் கதவு நின்றது.

இதற்குப் பிறகு மன்னர் பண்டகசாலையின் பின்சுவரை அடைத்துவிட்டார் என்று ஒரு வதந்தி உலவுகிறது. அது தவறு. அடைக்கப்பட்டது முன்வாசல்.