என்னை வெளியே தள்ளுங்க, அண்ணாச்சி!

ஒரு காட்டில், நல்ல மண் இருந்த இடமெல்லாம் யாரோ ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது. அதனால் வளை தோண்டத் தெரிந்த விலங்குகள்கூட வாடகை வளையில்தான் குடியிருந்தன. வடிவு என்ற முள்ளம்பன்றியும் அப்படித்தான்.

ஆற்றுமேட்டில் கோமதிநாயகம் என்ற உடும்புக்கு வரிசையாக வளைகள் இருந்தன. கடைசி வளையில் வடிவும் அவள் பிள்ளைகள் இருவரும். புருஷன் கடலைக்காட்டுக்குப் போனவன் மின்வேலியில் மாட்டிச் செத்துப்போனான். அதன்பிறகு வடிவுதான் வீடு வீடாகப் போய்க் கிழங்கு தோண்டிக் கொடுத்துப் பிழைத்தாள். கூலியும் கிழங்கு, வாடகையும் கிழங்கு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிழங்கு இல்லை, வாடகை நின்றது. ஒருவழியாக மேகம் திரண்டபோது வீட்டுக்காரரும் வந்து நின்றார்.

"வடிவு, வெள்ளிக்கிழமை வளையைக் காலி பண்ணிரு."

"அண்ணாச்சி, மழை வரப்போகுது. ஒரு நல்ல மழை பெஞ்சா கிழங்கு விட்டுரும். பாக்கியைக் கொடுத்துருவேன்."

"எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா ஒரு புனுகுப்பூனை ஜோடி இரட்டை வாடகை தாறேங்குது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, பிள்ளை குட்டி கிடையாது. உன்னை மாதிரி திரும்புறப்பல்லாம் சுவரைக் கீறுற உடம்பும் இல்ல."

வடிவு சின்னவளைப் பார்த்தாள். அவளுக்கு முள் இன்னும் கெட்டிப்படவில்லை. வெட்டவெளியில் படுத்தால் நரிக்கு ஒரு வாய்க்குத்தான் காணும்.

பக்கத்து வளை முயல்தான் வழி சொன்னது. "அரசமரத்தடியில ஒரு சங்கம் இருக்குக்கா. வீடில்லாதவங்களுக்கு இலவசமா வளை தாறாங்களாம்."

வடிவு ஓடினாள். சங்கத்தின் தலைவி சவுந்தரவல்லி என்ற ஆமை. பொருளாளர் ஒரு நத்தை. இருவரும் பிறந்த நாள் முதல் வாடகை கொடுத்தறியாதவர்கள். ஆனால் இளகிய மனசு. வடிவு கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சவுந்தரவல்லி அம்மாள் துக்கம் தாங்காமல் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார். வெளியே வரச் சற்று நேரமானது.

"கேக்கவே நெஞ்சு பதறுதும்மா. எங்ககிட்ட மூணு வளை இருக்கு. பெருக்கி, மெழுகி, வாசல்ல கோலம்கூடப் போட்டு வச்சிருக்கோம்."

"ரொம்ப நன்றிம்மா! இப்பவே வந்துரட்டுமா?"

"இப்ப எப்படிம்மா? உனக்குத்தான் வளை இருக்கே. நாங்க வீடில்லாதவங்களுக்கு மட்டும்தான் உதவ முடியும்."

"வெள்ளிக்கிழமை வெளிய தள்ளிருவாரும்மா."

"தள்ளட்டும். தள்ளுனதும் வா. அக்கம்பக்கத்துல யாராவது பாத்திருக்கணும், அவ்வளவுதான்."

"அந்த மூணு வளையில இப்ப யாரு இருக்கா?"

"யாருமில்ல. தள்ளப்பட்டவங்கல்லாம் அன்னைக்கே அத்தை வீடு, மாமா வீடுன்னு போய் ஒண்டிக்கிறாங்க. அப்புறம் அவங்க எப்படி வீடில்லாதவங்க ஆவாங்க, சொல்லு? இதுவரை ஒருத்தர்கூடத் தேறல." நத்தை வருத்தத்தோடு தலையாட்டியது.

வடிவுக்கு அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அது வசதியாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மூட்டை கட்டி, வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வளையைப் பார்க்க வந்த புனுகுப்பூனைகளோடு கோமதிநாயகம் வந்து சேர்ந்தார். அழுகையும் கூச்சலும் இருக்கும் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி! எவ்வளவு நேரமாக் காத்திருக்கேன். என்னை வெளிய தள்ளுங்க!"

"நீயாப் போனாப் போதும்மா."

"நானாப் போனாச் செல்லாது. நீங்க தள்ளணும், நாலு பேரு பாக்கணும். இப்படிக் கழுத்துக்கிட்டப் பிடிங்க. முள்ளை மடக்கி வச்சிருக்கேன், குத்தாது."

கோமதிநாயகம் ஒரு அடி பின்வாங்கினார். ஆண் புனுகுப்பூனை பெண் புனுகுப்பூனையின் காதில் கிசுகிசுத்தது: "இந்த வளையை விட்டுப் போறதுக்கு இவ்வளவு சந்தோஷமா? உள்ளே ஏதோ இருக்கு."

"பாம்பா இருக்குமோ?"

"பாம்புன்னா நேராச் சொல்லியிருப்பாங்க. இது வேற ஏதோ." இரண்டும் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவின.

அதற்குள் முயல் தலையை நீட்டியது. "என்னக்கா, தள்ளிட்டாரா?"

"தள்ள மாட்டேங்கிறாரு. தள்ளுனா இலவச வளை காத்திருக்கு. மெழுகிக் கோலம் போட்டிருக்காம்!"

அவ்வளவுதான். எலி வந்தது, கீரி வந்தது, எறும்புத்தின்னி முழுக் குடும்பத்தோடு வந்தது. எல்லோரும் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணாச்சி, என்னையும் தள்ளுங்க!"

"நான்தானே பழைய குடித்தனம், முதல்ல என்னைத் தள்ளுங்க!"

மேடு முழுக்கக் காலியாகிவிடும் என்று கோமதிநாயகம் பயந்துபோனார். வடிவின் மூட்டையைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். "யாரையும் தள்ள மாட்டேன்! வடிவு, பழைய பாக்கியெல்லாம் மறந்துரு. இனிமே பாதி வாடகை கொடு, போதும். எல்லாரும் பாதிதான். தயவு பண்ணி உள்ள போங்க!"

வடிவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்தக் கோலம் போட்ட வாசலை அவள் மனசுக்குள் பார்த்துவிட்டிருந்தாள். ஆனால் வெளியே மழை கொட்ட ஆரம்பித்ததும், சின்னவள் சுவரோரம் சுருண்டு தூங்குவதைப் பார்த்ததும், அவளுக்கே தெரியாமல் அழுகை வந்தது. நன்றாக அழுதாள். பிறகு நன்றாகத் தூங்கினாள்.

தள்ளுவதைப் பார்க்கக் காலையிலேயே புறப்பட்ட சவுந்தரவல்லி அம்மாள் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டதும் ஆனந்தத்தில் அவருக்குத் தலை உள்ளே போய்விட்டது. அடுத்த வாரம் சங்கத்தில் பாராட்டு விழா. வடிவுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். அவள் முள்ளில் மாட்டி அது இன்றுவரை கழன்று வரவில்லை. மாலையோ கோமதிநாயகத்துக்குப் போனது, சிறந்த வீட்டுக்காரர் என்று.

நீதி: வீடு இழக்கப்போகிறவர்களுக்கு யாரும் உதவ வேண்டியதில்லை. உதவப்போவதாக வீட்டுக்காரர் காதில் விழுந்தால் போதும்.