கல்லு டாக்டர்

ஓடிப்போன நோயாளியை ஸ்கூட்டரில் துரத்திப் பிடிக்கிற டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் துரத்திய நோயாளி நான். ஓசூரிலிருந்து பாகலூர் ரோட்டில், ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சைக் கவுனோடு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கவுனுக்குப் பின்பக்கம் இரண்டு நாடாக்கள்தான். அதில் ஒன்று அறுந்திருந்தது.

சிறுநீரகக் கல்லுக்கு வயிற்றைக் கிழிக்காமல் வைத்தியம் பார்ப்பதை எங்கள் பக்கம் முதலில் கொண்டுவந்தவர் அவர். ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லை. "தையலே இல்ல, இதென்ன ஆப்ரேசன்?" என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். எடுத்த கல்லைக் கையில் கொடுத்த பிறகுதான் சமாதானம் ஆனார்கள். அப்படித்தான் அவருக்குக் கல்லு டாக்டர் என்று பெயர் விழுந்தது.

ஓசூரில் அந்தப் பெயர் சும்மா இருக்குமா? கன்னடத்திலும் கல்லு என்றால் கல்தான். தெலுங்கில் கல்லு என்றால் குடிக்கிற கள். அதே தெலுங்கில் நாக்கைக் கொஞ்சம் மடித்துக் கள்ளு என்றால் கண்கள். அதனால் கல்லோடு வந்தவர்களுக்கு நடுவே, குடிக்கிற மச்சானை இழுத்துக்கொண்டு ஒருவர் வருவார். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் வருவார். டாக்டர் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். "வந்தது வந்தீங்க, ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா?" என்பார். குடிகார மச்சானுக்கு நிஜமாகவே கல் இருந்தது. பெரியவருக்கு அடைப்பு சரியாகி நீர் தாராளமாகப் போனது. பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குக் கல் சிறுநீர்க் குழாயை அடைத்து, ஒரு கிட்னி வீங்கிப்போயிருந்தது. இன்னும் விட்டால் அது கெட்டுவிடும் என்றார். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன் வயிற்றில் கத்தி பட்டால் மாதக்கணக்கில் பட்டினி. கிழிக்க மாட்டார் என்பதால்தான் அவரிடம் போனேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த தேன்கனிக்கோட்டைக்காரர், கல்லை எடுக்கிற கருவியை எந்த வழியாக உள்ளே விடுவார்கள் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டார். உடனே எழுந்து நடந்தேன்.

ஸ்கூட்டர் என்னை முந்திக் குறுக்கே நின்றது.

"எங்கப்பா கெளம்பிட்ட?"

"கிழிக்க மாட்டேன்னீங்க சார். எந்த வழியா போவீங்கன்னு சொல்லலையே."

"ஏற்கெனவே ரோடு இருக்கிற ஊருக்கு எவனாச்சும் மலையக் கொடஞ்சு வழி போடுவானா?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏறுப்பா, டாக்டரு ஞாயமாத்தான் பேசறாரு" என்றார் ஒருவர்.

"அவருக்கென்னங்க, ரோடு என்னுது" என்றேன்.

நல்ல பதில்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கல் நகர்ந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். ஒரு கையால் அவரையும் மறு கையால் கவுனின் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு ஊருக்குள் திரும்பினேன். கம்பெனி ஷிப்ட் பஸ் ஒன்று எங்களைக் கடந்தது. ஜன்னல் முழுக்கத் தலைகள்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் ஆப்ரேசன் நடக்கும்போது முழித்துக்கொண்டுதான் இருந்தேன். டிவியில் கல்லைக் காட்டினார். "பாரு, பாலிஷ் போட்டா ஏற்றுமதி பண்ணலாம்."

கிட்னி பிழைத்தது. கிளம்புகிற அன்று, "கொஞ்ச நாளைக்கு மூட்டை தூக்காத" என்றார்.

"தூக்கலன்னா சோறு ஏது சார்?"

டாக்டர் பாகலூரில் ஒரு ரோஜாத் தோட்டத்துக்கு வழி சொல்லி, "காலைல போய்ப் பாரு" என்றார்.

மறுநாள் காலை போனேன். பூவைக் கட்டுக்கட்டாக அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்லு டாக்டரு சொன்ன ஆளு நீதானா? கனம் தூக்க விடக்கூடாதாம், தண்ணி கேட்டா உடனே குடுக்கணுமாம், ஒண்ணுக்குப் போனா ஏன்னு கேக்கக்கூடாதாம். எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இத்தன கண்டிசன் இல்லப்பா."

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எனக்காக ஒருவர் கண்டிஷன் போட்டது அங்கேதான்.