கரும்பலகையில் படித்த கொம்பியூட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம், எனக்குச் சான்றிதழ் தந்த இடம்) இனிமேல் கற்றலும் கற்பித்தலும் கொம்பியூட்டர் வழியே நடைபெறும் எனத் தீர்மானித்தது. கொம்பியூட்டர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றுக்கு ஓர் அறையும் அறைக்கு ஒரு பூட்டும் ஒதுக்கப்பட்டன. 'தகவல் தொழில்நுட்பத் திட்டமிடல் குழு' என்று ஒன்றும் அமைக்கப்பட்டது.

குழுவின் முதலாவது தீர்மானம்: பாவிக்கத் தெரியாதவர் கை பட்டால் இயந்திரம் பழுதாகும், ஆகவே பாவிக்கத் தெரிந்த பிறகே மாணவர் அறைக்குள் போகலாம். இரண்டாவது தீர்மானம்: மாணவருக்குப் பாவிக்கப் பழக்குவது. அறைக்குள் விட முடியாதபடியால் கரும்பலகையில் பழக்குவது.

நான் அந்த மாணவர்களில் ஒருவன். காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் யன்னல் துடைப்பேன், பின்னேரம் படிப்பேன். அந்த வருடம் ஒரு சோதனையாவது பாஸ் பண்ணாவிட்டால் என் பெர்மெசோவைப் புதுப்பிக்க மாட்டார்கள். பெர்மெசோ இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்கவே முடியாது. இருந்த பாடங்களில் இதுதான் லேசாகத் தெரிந்தது.

குழுவின் தலைவரான பேராசிரியர் கரும்பலகையில் கீபோட்டைக் கீறினார். நாங்கள் கொப்பியில் கீறி, அதன்மேல் விரலால் அடித்துப் பழகினோம். எனக்கு நல்ல வேகம் வந்தது. பிழை விட்டதாக ஒருநாளும் ஞாபகமில்லை.

சோதனை வாய்மொழியாக நடந்தது.

"மவுஸை இரண்டு தரம் அழுத்தினால் என்ன நடக்கும்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"திறக்கும், புரொபெசோரே."

"என்ன திறக்கும்?"

"குழு அனுமதித்த எல்லாம்."

அவர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பதுக்கு முப்பதும், அதற்கு மேல் லோதே என்கிற சிறப்புப் பாராட்டும் தந்தார். பெர்மெசோ தப்பியது.

அன்று வீட்டில் மனிசி புனிதமலர் கேட்டாள்: "அப்ப உங்களுக்கு இப்ப கொம்பியூட்டர் தெரியுமோ?"

"அதிலை லோதே."

"அது சரி. தெரியுமோ எண்டு கேக்கிறன்."

பெண்களுக்கு உயர்கல்வியைப் பற்றி விளக்குவது கடினம் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி எங்கள் தமிழாட்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியா முழுக்கப் பரவியது. இடையில் புனிதமலர் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா தங்கள் பழைய கொம்பியூட்டரை எங்கள் பங்குக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிறு பூசை முடிய எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள்.

"தம்பி செல்வராசா, போட்டுக் காட்டும் பாப்பம்" என்றார் பவுல் அண்ணை. கோயில் காரியமெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும்.

நான் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு கிட்டப் போனேன். பின்பக்கம் நிறைய வயர்கள் தொங்கின. என் படிப்பில் கொம்பியூட்டருக்குப் பின்பக்கம் இருக்கவில்லை. கரும்பலகையில் முன்பக்கத்தை மட்டும்தான் கீறியிருந்தார்கள். இப்போது பிடிபட்டால் பிறகு இந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாது.

திரும்பிச் சனத்தைப் பார்த்தேன்.

"போடுறது பெரிய காரியமில்லை," என்றேன். "திட்டம் இல்லாமல் போட்டால்தான் பிழை. பல்கலைக்கழகத்திலேயே இன்னும் போடேல்லை."

சனம் ஆளையாள் பார்த்துத் தலையாட்டியது.

"அப்ப ஒரு குழு வேணும்" என்றார் பவுல் அண்ணை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அன்றைக்கே தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் தெரிவானார்கள். தலைவர் பவுல் அண்ணை. செயலாளர் பாடகர் குழுவை நடத்தும் எமிலியானா அக்கா. முதல் கூட்டத்திலேயே, தூசி படாமல் கொம்பியூட்டருக்கு ஓர் உறை தைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. உறையின் நிறத்தில் பிரச்சினை வந்தது.

"மாதா நிறம், நீலம்" என்றார் எமிலியானா அக்கா.

"நீலத்திலை ஊத்தை தெரியும். மண்ணிறம்" என்றார் பவுல் அண்ணை.

"அப்ப மாதாவிலை ஊத்தையெண்டு சொல்லுறியளோ?"

"நான் அப்பிடியே சொன்னனான்?"

அதோடு எமிலியானா அக்கா தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், நகரின் சீசாப் பகுதியில் இன்னொரு கொம்பியூட்டர் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்துக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், வருடாந்த ஒன்றுகூடல் எல்லாம் இருந்தன.

ஒரு சங்கத்திடம் கொம்பியூட்டர் இருந்தது, மற்றதிடம் இல்லை. வேலையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டுக்கும் தொழில்நுட்ப ஆலோசகர் நான்தான்.