ஆணி அடிக்காத மேஸ்திரி

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். பழவேற்காட்டில் நாங்கள் அப்போதுதான் வாங்கியிருந்த பழைய வீட்டின் பூட்டைத் திறக்கப் போனேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு காது. அந்த ஆளின் இன்னொரு காது எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது.

“பேசாதீங்க. சொல்லிகினு கீது” என்றார்.

 அவர் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் கேட்டு, வருத்தத்தோடு நிமிர்ந்தார். “உள்ள பொக்கு. டச்சுக்காரன் ஏமாத்திட்டான் நைனா.”

டச்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அவர்களோடு சண்டையை முடித்துக்கொள்ளாத ஒரே மனிதர் பழவேற்காட்டில் அவர்தான். ஊர் அவரை டச்சு மேஸ்திரி என்றது. வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்தேன். டச்சுக்காரன் என்று அவர் சொன்னது ஒரு தேசத்தை அல்ல. போன செவ்வாய்க்கிழமை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சாரத்தைக்கூட அவிழ்க்காமல் கிளம்பிவிட்ட ஏதோ ஒரு கொத்தனாரைத் திட்டுவது போலத்தான் சொன்னார்.

“அவனாண்ட ரசமட்டம் இருந்துக்கீது. எடுத்து வெச்சுப் பாக்கத்தான் சோம்பேறித்தனம்” என்பார். தரை ஓரமாகச் சரிந்திருந்தால், டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, “அங்கதான் படுத்துனு கீறான். எழுப்பிக் கேட்டுட்டு வரட்டா?” என்பார். இந்த வீடு டச்சுக்காலத்து வீடு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“நீ பேப்பர்ல வேலை செய்றவன். பேப்பர்ல கீறது உனக்குத் தெரியும். செவுத்துல கீறது எனக்குத் தெரியும்.”

எங்களுக்கு வேண்டியிருந்தது வரலாறு அல்ல, ஓர் அறை. என் மனைவி வசந்திக்கு அப்போது நான்காவது மாதம். வசந்திக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் எங்களுக்கு வாய்க்கவில்லை. நாங்கள் குடியிருந்த வாடகை அறையோ மாடியில். அதன் படிகளில் நல்ல காலுள்ளவர்களே நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏறினார்கள். கைக்குழந்தையோடு அங்கே இருக்க முடியாது. கார்த்திகையில் குழந்தை. அதற்குள் புது வீட்டில் ஒழுகாத கூரையும் மூடுகிற கதவும் உள்ள ஓர் அறையாவது வேண்டும்.

இதை மேஸ்திரியிடம் சொல்ல எனக்குக் கூச்சம். சித்தாள் கன்னியம்மா வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாகரிகமாகச் சொல்வதாக நினைத்து, குரலைத் தாழ்த்தி, “வீட்ல முழுகாம இருக்கு, மேஸ்திரி. ஐப்பசிக்குள்ள முடிச்சுடணும்” என்றேன்.

மேஸ்திரி என் தோளில் கை வைத்தார். “கவலைய உடு நைனா. நான் இருக்கச்சொல்ல முழுக உட்டுடுவேனா?”

வாழ்த்துகளில் இது புது வகையாக இருந்தது. ஊர் வழக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் விடியுமுன்பே பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவன். திரும்பும்போது இருட்டிவிடும். அதனால் வீட்டு வாசலின் குறுக்கே ஒரு கட்டைச்சுவர் எழும்புவதைத் தவணை முறையில்தான் பார்த்தேன். முதல் வாரம் அது கணுக்காலுக்கு இருந்தது. அடுத்த வாரம் முழங்காலைத் தொட்டது. கேட்டபோது, “டச்சுக்காரன் வெச்ச படி பத்தாது” என்றார். அவருக்கும் டச்சுக்காரனுக்கும் நடுவில் போக நான் விரும்பவில்லை.

வாந்தியும் மயக்கமுமாக இருந்த வசந்தி, ஆறாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்றாள். கட்டைச்சுவர் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

“இது வீடா, படகா? ஏறி உள்ள குதிக்கணுமா?” என்றாள்.

உள்ளே சுவரோடு பேசிக்கொண்டிருந்த மேஸ்திரி திரும்பினார். வசந்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த கொத்துக்கரண்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“இன்னா நைனா இது?”

“சொன்னேனே மேஸ்திரி, முழுகாம இருக்குன்னு.”

“ஊடு முழுகாம இருக்கணும்னு இல்ல நெனச்சேன்! ஐப்பசி மழைல ஏரி ஏறுமேன்னு ஒரு மாசமா கரை கட்டிகினு கீறேன்.”

கன்னியம்மா தலையிலிருந்த சாந்துச் சட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். “யோவ், அந்த முழுகாம இல்லய்யா, இந்த முழுகாம” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வசந்தியும் கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. சுத்தியல், உளி, ஆணி டப்பா மூன்றையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, வாசக்கால் வைக்கக் கூடாது, எதையும் இடிக்கக் கூடாது. பலர் நம்புகிற விஷயம்தான். ஆனால் மற்றவர்களுக்கு அது நம்பிக்கை, மேஸ்திரிக்குச் சட்டம். நாங்கள் இன்னும் இங்கே குடி வரவில்லையே என்றேன். “நீ குடி வராட்டி இன்னா? ஊட்டுக்குத் தெரியும்” என்றார்.

அந்த நேரத்தில் வீட்டின் நிலைமை இது: உள்ளறையின் பழைய கூரை பிரித்தாகிவிட்டது. புதுக் கூரைக்கு வாரை மரங்கள் மட்டும் ஏறியிருந்தன, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களும் ஓடும் தரையில். கதவின் வாசக்கால் சுவரில் சாய்ந்து நின்றது. மழைக்கு மூன்று மாதம்கூட இல்லை. வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன். “பாரு. அவன் ஆணிய எடுத்தான்னா சுத்தியல நான் புடுங்குவேன்.”

செய்தித்தாளில் வேலை பார்ப்பவன் சொல்லில் ஓட்டை தேடுவான். ஸ்க்ரூ ஆணி ஆகாதே, திருகத்தானே செய்கிறோம், அடிக்கவில்லையே என்று வாதாடினேன். நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டு, யோசிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது.

“அடிச்சாலும் திருவுனாலும் உள்ள போறது ஒண்ணுதான். மரத்தக் கேட்டுப் பாரு.”

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். மேஸ்திரி மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படகேறினால் குமட்டியதால் கரைக்கு வந்து கொத்தனார் ஆனவர். படகு போனாலும் முடிச்சு கையில் இருந்தது. வலைக் கயிறு ஒரு கட்டு வாங்கி வந்தார். ரீப்பர் ஒவ்வொன்றையும் வாரையோடு சேர்த்துக் கட்டினார். மேலே ஓடு வேய்ந்தார். ஒரு கூரை முழுக்க ஓர் ஆணி இல்லாமல் நின்றது. அதைச் சோதிக்க அவரே ஓட்டின் மேல் ஏறி இரண்டு எட்டு நடந்தார், கீழே கன்னியம்மா அவரை ஏசிக்கொண்டிருக்க.

கூரை நின்றதும் நாங்கள் குடி வந்துவிட்டோம். அந்தத் தைரியத்தில் அவர் வீடு முழுவதையும் கட்டத் தொடங்கினார். அலமாரிப் பலகை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. கண்ணாடி தொங்கியது. கடிகாரம் தொங்கியது. காற்றடித்தால் அது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். வாசல் கட்டைச்சுவரை இடிக்கக் கூடாது, ஆனால் சேர்க்கலாமாம். அதனால் வெளியே மூன்று படி, உள்ளே மூன்று படி கட்டினார். எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்கள் ஒரு சிறு மலையைக் கடந்து வந்தார்கள். தபால்காரர் உச்சியில் நின்றே கடிதம் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

அறைக்கு வெளிர் ஆரஞ்சு பூச வேண்டும் என்றாள் வசந்தி. மேஸ்திரிக்கு நிறம் தெரியாது, மீன் தெரியும்.

“எறா நிறம் தானே கண்ணு? வெந்ததா, வேவாததா?”

வசந்தி நன்றாக யோசித்து, “பாதி வெந்தது” என்றாள். அவர் தலையசைத்துப் போய், சுண்ணாம்பில் பொடி கலந்து, சுவரில் ஏழு பட்டை அடித்துக் காட்டினார். ஐந்தாவது பட்டை அச்சு அசலாகப் பாதி வெந்த இறால். அந்த நிறம் இன்றும் எந்தக் கடை அட்டையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மீதம் இருந்தது அந்த வாசக்காலும் கதவும் மட்டும். கதவு இல்லாத உள்ளறை வாசல் வழியே ஏரிக்காற்று நேராக வந்து குழந்தை படுக்க வேண்டிய மூலையில் மோதும். அதைத் தினமும் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். ஆனால் கயிற்றில் கட்டி வாசக்கால் நிறுத்த அவருக்கும் வழி தெரியவில்லை. கார்த்திகையில் குழந்தை பிறந்த கையோடு வைத்துவிடலாம் என்று எங்களைத் தேற்றினார்.

குழந்தை ஐப்பசி பாதியிலேயே கிளம்பிவிட்டது. மழை கொட்டுகிற ஒரு காலையில், ஆட்டோவில், வழி முழுக்கப் பள்ளத்தை எண்ணிக்கொண்டு பொன்னேரி போனோம். பதினொன்று இருபதுக்குப் பெண் பிறந்தது. சுகப்பிரசவம். எங்கள் தெருவுக்கு அப்போது இருந்த ஒரே தொலைபேசி எதிர் மளிகைக் கடையில். அங்கே கூப்பிட்டுச் செய்தி சொன்னேன். கடைக்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்வது காதில் விழுந்தது. அடுத்து விழுந்தது சுத்தியல் சத்தம்.

பிறகு கன்னியம்மா விவரம் சொன்னாள். “நீங்க ஆட்டோ ஏறுன நேரத்துலேர்ந்து வாயில நாலு ஆணிய கவ்விகினு வாசக்காலாண்ட குந்திகினு இருந்தாரு. டீ குடுத்தேன், வாணாம்னு கைய ஆட்டுனாரு. வாயத் தொறந்தா ஆணி உழுந்துடுமாம்.”

மூன்றாம் நாள் குழந்தையோடு வந்தோம். மூன்று படி ஏறி, மூன்று படி இறங்கினோம். உள்ளறைக்குக் கதவு இருந்தது. மூடினால் மூடியது. சுவர்களில் ஆணிகள் இருந்தன. சட்டை மாட்ட, படம் மாட்ட, ஒன்றும் மாட்டாமல் சும்மா இருக்க என்று எண்பத்து நான்கு ஆணிகள். மூன்று மாதம் அடக்கி வைத்திருந்த மனிதர்.

மேஸ்திரி வாசற்பக்கம் ஒதுங்கி நின்றார். எப்போதும் தோளில் கிடக்கும் சுண்ணாம்பு படிந்த துணியைக் காணோம். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வசந்தி நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“வாணாம் கண்ணு. கையெல்லாம் வெடிப்பு. கொழந்தைக்கு அறுக்கும்.”

“பரவாயில்ல, புடிங்க மேஸ்திரி.”

 பிறகு இடுப்பில் செருகியிருந்த ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து உதறி, நீட்டிய இரண்டு கைகளின் மேலும் விரித்துக்கொண்டு, குழந்தையை வாங்கினார். அது தூங்கிக்கொண்டிருந்தது. அன்று டச்சுக்காரன் பேச்சே எழவில்லை.

துண்டின் ஓரத்தில் கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.